நாலு சுவர்க் கடல்

கல்யாணமான நாளிலிருந்து நான் எடுத்த தீர்மானங்கள் மொத்தம் மூன்று. முதல் இரண்டை என் மனைவி ரத்து செய்துவிட்டாள். அதனால் மூன்றாவதை அவளிடம் சொல்லாமலே எடுத்தேன்.

தீர்மானம் இதுதான். ஒரு வாரம் லீவு. அந்த ஒரு வாரத்தில் வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. குறிப்பாக, முன்னறையில் இருக்கும் துரும்பை.

முன்னறை என் ராஜ்யம். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக ஊரையே மேலே தூக்கிவிடுகிறவன். வீட்டில் என் பேச்சு மட்டும் தரைத்தளத்தைத் தாண்டியதில்லை. அந்தத் துக்கத்தைத் தீர்த்துக்கொள்ளும் இடம் முன்னறை. அங்கே காலை நீட்டிக்கொள்ளப் பலகை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்று. சுற்றிலும் பழைய மோட்டார் இரண்டு, கப்பி நாலு, கம்பிக்கயிறு ஒரு சுருள், என்றைக்காவது உதவும் என்று நான் எடுத்துவைத்த இன்னும் பல. அந்த என்றைக்காவது இன்றுவரை வரவில்லை. வரும்.

என் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில். தைக்கும்போது ஒரு கையை நீட்டினால் பீரோ. இன்னொரு கையை நீட்டினால் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாளையிலேர்ந்து லீவுதானே?"

"ஆமா." இந்த இடத்தில் இருமியிருக்க வேண்டும். இருமவில்லை.

"நல்லதாப் போச்சு. முன்னறையைக் காலி பண்றோம். பெயின்ட் அடிக்கிறோம். என் மெஷினை அங்கே போடுறோம்."

"பண்றோம், அடிக்கிறோம், போடுறோம்னா... யார் யாரு?"

"பண்ணு, அடி, போடு, இதெல்லாம் நீங்க. கடைசியில வர்ற 'றோம்' மட்டும் நான்."

"என் சாமானெல்லாம் எங்கே போகும்?"

"தம்பி வேன் கொண்டு வர்றான்."

தம்பி என்றால் அவள் தம்பி. வேன் ஓட்டுகிறான். பட்டப்பெயர் கிரேன். ஒருமுறை எங்கள் பீரோவை நகர்த்தக் கூப்பிட்டோம். நகர்த்திவிட்டு, "மாமா, உள்ளே துணி இருந்துச்சா? கொஞ்சம் கனமா இருந்த மாதிரி இருந்துச்சு" என்றான். அவன் ஒருநாள் வந்தால் என் ராஜ்யம் ஒரே தூக்கில் காலி.

உடனே ஏதாவது செய்தாக வேண்டும். அவள் தையல் மேஜையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. 'கலைவிழா. நான்கு சுவர் வீடியோ அரங்குகள். திங்கள் முதல் வெள்ளி வரை. ரயில்பாதை ஓரத்துப் பழைய கிடங்கு.' அந்தக் காகிதம் அவள் மேஜைக்கு எப்படி வந்தது என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கிற ஆள் நான் இல்லை. செயல்வீரன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மறுமுனையில் யாரும் இல்லை. இருந்தாலும் மரியாதையாகவே பேசினேன்.

"சொல்லுங்க சார்... என்னது, லிஃப்ட் நின்னுபோச்சா? கலைவிழா நடக்கிற கிடங்கிலயா? அஞ்சு நாளும் நான் கூடவே இருக்கணுமா? லீவு சார்... சரி சார், கடமைன்னு வந்துட்டா லீவு என்ன சார்."

உள்ளே வந்தேன். அவள் கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றிருந்தது.

"அந்தக் கிடங்குலயா லிஃப்ட்?"

"ஆமா. சரக்கு லிஃப்ட். பெருசு. மூணு மாடி ஏறும்."

"மூணு மாடியா?"

"மூணு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பாவம்ங்க நீங்க" என்றாள். கத்தரிக்கோல் மறுபடியும் நடக்கத் தொடங்கியது. பாவம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, டூல் பையும் டிபன் கேரியருமாகக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அந்தக் கட்டடத்துக்கு மாடியே இல்லை. தரையோடு ஒட்டிய நீளக் கட்டடம், மேலே தகரக் கூரை. அதனால் என்ன? என் மனைவி இங்கே வரவா போகிறாள்?

உள்ளே மூன்று அரங்கு. முதல் அரங்கில் சுவர் முழுக்க ஒரு அம்மாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் நின்று பார்த்தேன். பழம் முடிந்தபாடில்லை. வீட்டு வேலைக்குப் பயந்து வந்தவனுக்கு இது எதற்கு? இரண்டாவது அரங்கில் முப்பது டிவி. முப்பதிலும் ஒரே ஒரு பெண்ணின் கண். எந்தப் பக்கம் திரும்பினாலும் முறைத்தது. வீட்டில் இரண்டு கண்தான். ஓடி வந்துவிட்டேன்.

மூன்றாவது அரங்கு வாசலில் டார்ச் விளக்கோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு, இந்த நோட்டுல கையெழுத்துப் போடுங்க சார்."

"எதுக்கு?"

"மேலே எழுதியிருக்கு, படிச்சுட்டுப் போடுங்க."

படிக்காமல் போட்டேன். திரையை விலக்கி உள்ளே நுழைந்தேன்.

கடல். நாலு சுவரிலும் கடல். கூரையிலும் கடல். நான் கடலுக்கு அடியில் நிற்கிறேன். தலைக்கு மேலே வெயில் தண்ணீரில் நெளிகிறது. வெள்ளி மீன் கூட்டம் ஒன்று வலது சுவரில் கிளம்பி, என் சட்டையில் ஏறி இறங்கி, இடது சுவருக்குள் போய்விட்டது. சத்தமும் பக்குவமாக இருந்தது. சலசல என்று ஒரு முணுமுணுப்பு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. யாரும் எதையும் தேடித்தரச் சொல்லவில்லை.

தரை முழுக்க நீல மெத்தைகள். பார்வையாளர்கள் படுத்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம். கலைக்கு மரியாதை கொடுப்போம் என்று படுத்தேன். அடேயப்பா! அந்த மெத்தை! இடுப்புக்கு ஒரு மேடு, கழுத்துக்கு ஒரு பள்ளம். ஓரத்துத் தையல்கூட உடம்பில் உறுத்தவில்லை. தைத்தவள் எந்த மகராசியோ, அவள் கை நோகாமல் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன். அதற்குமேல் கலையைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நாலரை மணிக்கு டார்ச் அக்கா காலைத் தட்டி எழுப்பினார்.

"நல்லா இருந்துச்சா சார்?"

"ரொம்ப ஆழம்" என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் மறக்காமல் கைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டேன்.

அவள் வாசலிலேயே வரவேற்றாள். "ரொம்பக் களைச்சுட்டீங்களே! வேலை எப்படி?"

"கேட்காதே. ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரம் தொங்கினேன்."

"ஐயையோ! தொங்கினது லிஃப்டா, நீங்களா?"

"ரெண்டு பேரும்."

"குளிச்சுட்டு வாங்க, சூடா சாப்பிடலாம். முன்னறைப் பக்கம் மட்டும் போகாதீங்க. கரையான் வந்திருக்கு. மருந்து அடிச்சுப் பூட்டியிருக்கு. அஞ்சு நாளைக்குத் திறக்கக்கூடாதாம்."

கரையானா? எனக்குள் ஒரு குதூகலம். ஐந்து நாள் அறையைத் திறக்கக்கூடாது என்றால், ஐந்து நாள் யாரும் காலி பண்ணவும் முடியாது. நான் போட்ட கணக்குக்குக் கரையானும் ஒத்துழைக்கிறது. "மருந்து அடிச்சது நல்லதுதான்" என்றேன் பெருந்தன்மையாக.

செவ்வாய்க்கிழமையும் கடல். புதன்கிழமையும் கடல். டார்ச் அக்கா எனக்கென்று சுவரோரத்தில் ஒரு மெத்தையை ஒதுக்கிவைக்கிற அளவுக்குப் பழக்கமாகிவிட்டார். தினமும் கையெழுத்து, தினமும் தூக்கம். மாலையில் வீட்டில் தினமும் ஒரு வீரசாகசம். புதன்கிழமை கம்பிக்கயிறு அறுந்தது. நான் ஒற்றைக் கையால் பிடித்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சி என்று நினைத்தேன். தோள்கூடக் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"கவலைப்படாதே, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று தேற்றினேன்.

வியாழக்கிழமை அவள் முழங்கையில் ஒரு நீலப் பொட்டு இருந்தது.

"இதென்ன?"

"கரையான் மருந்துங்க."

"நீலமாவா இருக்கும்?"

"உயர்ந்த மருந்து. அடிச்ச இடம் தெரியணும்ல?"

"வாசனை பெயின்ட் மாதிரி இல்ல இருக்கு?"

"அதான் கரையான் ஏமாறும். பெயின்ட்டுன்னு நினைச்சு வந்து மாட்டிக்கும். இந்தக் காலத்துல எதையும் நேரடியாப் பிடிக்க முடியுதா? கொஞ்சம் ஏமாத்தித்தான் பிடிக்க வேண்டியிருக்கு."

அறிவியல் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்தபடி சாப்பிட உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி நாள். டார்ச் அக்கா வழக்கத்தைவிட மலர்ச்சியாக வரவேற்றார். "இன்னிக்குச் சாயங்காலம் கடலுக்குப் பதிலா புதுப் படம் போடுறாங்க சார். இருந்து பார்த்துட்டுப் போங்க."

"எழுந்தா பார்க்கிறேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

எத்தனை மணிக்கு விழித்தேன் என்று தெரியாது. 'டொம்' என்று ஏதோ விழுந்த சத்தம். கண்ணைத் திறந்தேன். கடலைக் காணோம். எதிரே என் முன்னறை.

எதிரே மட்டும் இல்லை. வலப்பக்கமும் முன்னறை. இடப்பக்கமும் முன்னறை. என் மோட்டார், என் கப்பி, என் கம்பிக்கயிறு. எல்லாம் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு. வீட்டில்தான் இருக்கிறேனா? எழுந்து உட்கார்ந்தேன். அப்போது கதவு திறந்தது. கிரேன் உள்ளே வந்தான். பதினைந்தடிக் கிரேன். வந்தவன் என் பிரம்பு நாற்காலியை ஒரே கையால் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"டேய்! இறக்குடா!"

அவன் இறக்கவில்லை. நான் பாய்ந்தேன். மூன்று மெத்தையைத் தாண்டி, போய்ப் பிடித்தேன். பிடித்தது சுவர். மூக்கு நசுங்கியது. என் நாற்காலி என் முகத்தின் மேலேயே ஊர்ந்து, சட்டைப் பையைத் தாண்டி, பக்கத்துச் சுவர் வழியாக வெளியே போய்விட்டது.

முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. இருட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். "நடிக்கிறவர் போல" என்றது ஒரு குரல். "ரொம்ப இயல்பா இருக்கு" என்றது இன்னொன்று.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. சுவரில் என் ராஜ்யம் கண் முன்னால் காலியாகிக்கொண்டிருந்தது. நாலு நாள் வேலை சில நிமிஷங்களில் ஓடியது. மோட்டார் போனது. கப்பி போனது. கம்பிக்கயிறு தானே உருண்டு போவது மாதிரி போனது. அப்புறம் ஏணி வந்தது. ஏணியில் என் மனைவி. கையில் பிரஷ். கரையான் மருந்து நீல நிறத்தில் மளமளவென்று சுவரெல்லாம் பரவியது.

பிறகு ஏணியும் போய்விட்டது. வெறும் அறை. நடுவில் அவள் மட்டும். படம் இப்போது மெதுவாக ஓடியது. அவள் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். முழுசாக, விரல் நுனி வரைக்கும். எதிலும் இடிக்கவில்லை. அப்படியே ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்கிற மாதிரி சட்டென்று கையை இறக்கிக்கொண்டாள்.

பதினைந்தடி உயரத்தில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது, அவள் கை இத்தனை நீளம் என்று. கோபம் மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி இரண்டாவதுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அவர்கள் பார்த்துக் கைதட்டியது நாலாவது சுவரை. திரும்பினேன்.

நாலாவது சுவரில் நான். படுத்திருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று சட்டை மட்டும் மாறுகிறது. வாய் மாறவில்லை. என் மேல் கடல் அலையடிக்கிறது. மீன் கூட்டம் வருகிறது. அதில் ஒன்று என் வாய்க்குள் போய், காது வழியாக வெளியே வந்தது. அதற்குத்தான் கைதட்டல்.

விளக்கு எரிந்தது. முதல் வரிசை மெத்தையில் என் மனைவி. பக்கத்தில் கிரேன். அவனுக்குப் பக்கத்தில் காமிராவும் கையுமாக, குட்டை முடி வைத்த ஒரு வீடியோக்காரம்மா.

"அடடே, நீங்களா?" என்றாள் என் மனைவி. "லிஃப்ட் வேலை முடிஞ்சுதா?"

"இப்பதான் முடிஞ்சுது. சும்மா எட்டிப் பார்த்தேன்."

"எந்த மாடி வரைக்கும் போகுது?"

"மூணாவது..."

"மூணாவது மாடியா? மாமா, மேலே தகரம்தான் இருக்கு" என்று கிரேன் அண்ணாந்து பார்த்தான்.

"நீ சும்மா இருடா. மாமா ஒத்தைக் கையால பிடிச்சு நிறுத்திட்டு வந்திருக்கார்."

தோற்றுப்போனவன் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் ஆயுதத்தை நான் எடுத்தேன். கோபம்.

"உனக்கு எப்படித் தெரியும், நான் இங்கேதான் இருக்கேன்னு?"

"ஞாயித்துக்கிழமை நீங்க மூணு மாடின்னு சொன்னப்பவே தெரியும். இந்த மெத்தையெல்லாம் அளவெடுக்க நான் மூணு தடவை இங்கே வந்திருக்கேங்க. நாப்பத்திரண்டு மெத்தை. ராத்திரி பகலா நம்ம கட்டில் பக்கத்துலதான் தைச்சேன். நீங்கதான் மெஷின் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு காதுல பஞ்சு வெச்சுக்கிட்டீங்களே. அதுகூட இந்த மெத்தைக்கு வாங்கின பஞ்சுதான்."

நான் வாழ்த்திய மகராசி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

வீடியோக்காரம்மா முன்னால் வந்தார். "நான்தாங்க மெத்தைக்கு ஆர்டர் கொடுத்தது. அவங்க தைக்கிற மூலையைப் பார்த்தேன். கடைசி நாள் படத்துக்கு ஒரு அறை தேடிட்டிருந்தேன். உங்க வீட்டு முன்னறை கிடைச்சுது. அப்புறம் திங்கட்கிழமை மத்தியானம் இங்கே வந்தா, நீங்க படுத்திருக்கீங்க. போட்டோ எடுத்து அனுப்பி, 'இவரா உங்க வீட்டுக்காரர், எழுப்பட்டுமா'ன்னு கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"'எழுப்பாதீங்க, இன்னும் ரெண்டு கோட் அடிக்கணும்'னாங்க."

"என் அனுமதி இல்லாம என்னைப் படம் எடுத்தது தப்பு!" என்று குரலை உயர்த்தினேன்.

டார்ச் அக்கா நோட்டை நீட்டினார். 'உள்ளே படம் எடுக்கப்படும். எனக்குச் சம்மதம்.' கீழே ஐந்து நாளும் ஐந்து கையெழுத்து. ஐந்தும் அழகாக, தேதியோடு.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. கிரீஸ் தடவாத கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டு, மனைவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. முன்னறை உனக்குத்தான். நீலம் நல்லாத்தான் இருக்கு."

"நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமா. கையை நீட்டித் தைக்கலாம்." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். "என் நாற்காலியை மட்டும் ஒரு ஓரமா..."

"பத்திரமா இருக்குங்க. வாசல்ல பாருங்க."

ஓடினேன். கண்காட்சி வாசலில், உயரமான மேடை மேல், நாலு பக்கமும் சிவப்புக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு, என் பிரம்பு நாற்காலி. கயிற்றைத் தாண்டி ஒரு காலை வைத்தேன்.

"சார், தொடக்கூடாது" என்றார் டார்ச் அக்கா. "கலைப்பொருள்."

"அக்கா, இது என் நாற்காலி!"

"இன்னிக்குக் காலை வரைக்கும் சார்."

மேடைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அறிவிப்பை முழுசாகப் படித்தேன். 'காலியாகும் அறை. நான்கு சுவர் வீடியோ. பயன்படுத்திய பொருட்கள்: பிரம்பு நாற்காலி ஒன்று, மோட்டார் இரண்டு, நீலப் பெயின்ட், பஞ்சு மெத்தை நாற்பத்திரண்டு, கணவர் ஒருவர். பொருட்கள் உபயம்: தையல்கார அம்மா. விழா முடிந்ததும் உரியவரிடம் திருப்பித் தரப்படும்.'

அந்தக் கடைசி வரியில் உயிர் வந்தது. திருப்பித் தருவார்களாமே! வீடியோக்காரம்மா ஒரு பட்டியலோடு என் மனைவியிடம் வந்தார். மோட்டார்களைப் பழைய இரும்புக்கடையில் போடச் சொல்லிவிட்டாளாம். மெத்தைகள் அடுத்த ஊர் கலைவிழாவுக்குப் போகின்றன. நாற்காலியும் கூடவே வந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் கெஞ்சினார். என் மனைவி நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்து நாற்காலிக்காகக் கண்ணாலேயே மன்றாடினேன்.

"நாற்காலி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். பிறகு பேனாவை வாங்கி, பட்டியலில் 'கணவர் ஒருவர்' என்பதற்கு நேராக, 'சேதாரமின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.